கூட்டத்தோடு கோவிந்தா: குழுவில் சேர்ந்ததும் நம் முடிவு ஏன் மாறுகிறது?

ஓர் அட்டையில் ஒரே ஒரு கோடு. பக்கத்து அட்டையில் மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு நீளம். முதல் அட்டையில் உள்ள கோட்டுக்குச் சமமானது இந்த மூன்றில் எது? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். பெரியவர்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது நூறு பதிலில் ஒன்றுகூடத் தப்பாக வரவில்லை.

1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதே கேள்வியைக் குழுவாக உட்கார வைத்துக் கேட்டார். ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்தான் உண்மையில் சோதிக்கப்படுபவர். மற்றவர்கள் எல்லோரும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்து அழைத்து வரப்பட்டவர்கள். இது அந்த ஒருவருக்குத் தெரியாது. பதில் சொல்லும் வரிசையில் அவருடைய முறை கடைசியாகவோ கடைசிக்கு முந்தியதாகவோ வரும். மொத்தம் 18 சுற்றுகள். அதில் 12 சுற்றுகளில் மற்றவர்கள் அனைவரும் ஒரே தவறான கோட்டைத் தயங்காமல் ஒருவர் பின் ஒருவராகச் சொல்வார்கள். பிறகு இவர் முறை.

அந்த 12 சுற்றுகளில் வந்த பதில்களில் சுமார் 37 விழுக்காடு, கூட்டம் சொன்ன தவறான பதிலாகவே இருந்தது. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போனார்கள். நான்கில் ஒருவர் கடைசிவரை அசையவில்லை.

இந்தச் சோதனையைக் கேள்விப்பட்ட பலர் இங்கேயே நிறுத்திக்கொண்டு ‘மனிதர்கள் ஆட்டுமந்தை’ என்று முடித்துவிடுகிறார்கள். அது அவசரமான முடிவு. பதில்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரியாகத்தானே வந்திருக்கிறது? ஆஷ் செய்த உண்மையான வேலை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அவர் சோதனையின் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்த்தார். எதிரே ஒரே ஒருவர் தவறாகச் சொன்னால் பாதிப்பு ஏறத்தாழ இல்லை. தவறு 4 விழுக்காட்டுக்கும் கீழே. இருவர் என்றால் சுமார் 14. மூவர் என்றால் சுமார் 32. அதற்கு மேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறவில்லை. ஆக, ஒருவரை நெருக்குவதற்குப் பெருங்கூட்டம் தேவையில்லை, மூன்று பேர் ஒத்த குரலில் பேசினால் போதும். அடுத்து, கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொல்லும்படி மாற்றியபோது, தலையாட்டல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. பதிலை வாயால் சொல்லாமல் தாளில் எழுதித் தரச் சொன்னபோதும் அது மளமளவென்று குறைந்தது.

கண் ஒன்றுதான், கோடு ஒன்றுதான். மாறியது, யாருடைய எண்ணம் யாருக்கு எப்போது தெரிகிறது என்பது மட்டும். குழு உளவியலைப் புதிதாகப் படிப்பவர் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் போதும். எது வெளியே தெரிகிறது, எது ஒருவர் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று கேட்டுக்கொண்டே போகலாம். கீழே வரும் ஒவ்வொன்றும் அந்த நூலில் கோத்த மணிதான்.

இரண்டு வகை இழுப்பு

கூட்டம் நம்மை இழுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இவற்றை மார்ட்டன் டாய்ச், ஹெரால்ட் ஜெரார்ட் ஆகிய இருவரும் 1955இல் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்ற அச்சம். தான் நினைப்பதுதான் சரி என்று மனசுக்குத் தெரியும், வாய் மட்டும் கூட்டத்தோடு போகும். மற்றது, ‘இத்தனை பேர் சொல்கிறார்கள், அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும்’ என்ற நம்பிக்கை. இதில் மனசே மாறிவிடும்.

இரண்டாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு, முஸாஃபர் ஷெரிஃப் 1935இல் வெளியிட்ட ஆய்வு. கும்மிருட்டு அறையில் ஒரு சிறு ஒளிப்புள்ளி. அது அசைவதே இல்லை. ஆனால் இருட்டில் அளந்து பார்க்க வேறு பொருள் இல்லாததால் அசைவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு சொல்வார்கள். இரண்டு மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்து உரக்கச் சொல்லச் சொன்னால், சில சுற்றுகளிலேயே எல்லோருடைய அளவும் ஒன்றை ஒன்று நெருங்கிவிடும். பிறகு திரும்பத் தனியே அழைத்துக் கேட்டாலும், குழுவில் பிடித்த அளவையே சொல்வார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம், ஏனென்றால் மருந்து வேறு. அச்சத்தால் வந்த ஒப்புதலுக்கு ரகசிய வாக்கெடுப்பு போதும். நம்பிக்கையால் வந்த ஒப்புதல் ரகசிய வாக்கிலும் அப்படியே வெளிப்படும். அதைத் தடுக்க வேண்டுமென்றால், பேச்சு தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் கணிப்பை எழுதிவைத்திருக்க வேண்டும். கேள்வி எவ்வளவு மங்கலாக இருக்கிறதோ, இந்த இரண்டாவது இழுப்பு அவ்வளவு பலமாக இருக்கும்.

புகை நிறையும் அறை

1968இல் பிப் லதானே, ஜான் டார்லி ஆகியோர் செய்த சோதனை. ஓர் அறையில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் உள்ள காற்றுத் துவாரம் வழியாகப் புகை வரத் தொடங்குகிறது. தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் எழுந்துபோய் வெளியே சொன்னார்கள். அதே அறையில், புகையைக் கண்டும் காணாததுபோல் இருக்கும்படி சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு உட்கார்ந்த பத்துப் பேரில் ஒருவர்தான் எழுந்துபோனார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிக்கொண்டே எழுதினார்கள். மூன்று பேருமே ஒன்றும் அறியாதவர்களாக இருந்த குழுக்களிலும் 38 விழுக்காட்டில்தான் யாராவது ஒருவர் போய்ச் சொன்னார்.

அறைக்குள் என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். புகை வந்ததும் ஒருவர் திடுக்கிடுகிறார். அதை முகத்தில் காட்டாமல், அடுத்தவர் என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார். அடுத்தவரும் அதையே செய்கிறார். ஆகவே இருவருக்கும் தெரிவது, அமைதியாக இருக்கும் ஒரு முகம். ‘அவர் பதறவில்லையே, அப்படியானால் ஒன்றுமில்லை’ என்று இருவரும் ஒரே சமயத்தில் முடிவுக்கு வருகிறார்கள். அச்சம் உள்ளே, அமைதி வெளியே. எல்லோருக்கும் சந்தேகம் இருந்தும், தனக்கு மட்டும்தான் சந்தேகம் என்று ஒவ்வொருவரும் நினைக்கும் இந்த நிலை, வகுப்பறையில் ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்குப் பின் வரும் மௌனத்திலும் அப்படியே இருக்கிறது.

இதோடு பொறுப்புப் பங்கீடும் சேர்ந்துகொள்ளும். அதே ஆண்டு இருவரும் செய்த இன்னொரு சோதனையில், பேச்சுக் கருவி வழியே ஒருவருக்கு வலிப்பு வருவது கேட்கும். கேட்பது தான் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அவர் பேச்சு அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காடு.

இதை வைத்துக்கொண்டு ‘பொது இடத்தில் யாரும் உதவ மாட்டார்கள்’ என்று சொல்வது தவறு. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் தெருக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் 219 சச்சரவுகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டார். ஆபத்து எல்லோர் கண்ணுக்கும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தால் கூட்டம் உதவுகிறது; அது என்னவென்று தெளிவில்லாதபோதுதான் உறைகிறது. ஆகவே உதவி தேவைப்படுபவர் முதலில் சந்தேகத்தை நீக்க வேண்டும். ‘யாராவது வாங்களேன்’ என்று பொத்தாம்பொதுவாகக் கூப்பிட வேண்டாம். ஒருவரைச் சுட்டி, ‘நீலச் சட்டை போட்டிருப்பவரே, இவருக்கு மூச்சு நின்றுவிட்டது, ஆம்புலன்சுக்கு போன் பண்ணுங்கள்’ என்று ஆளையும் ஆபத்தையும் வேலையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

கயிறு இழுப்பவர்கள்

இதுவரை பார்த்தது, மற்றவர்கள் செய்வது நமக்குத் தெரிவதால் வரும் மாற்றம். நாம் செய்வது மற்றவர்களுக்குத் தெரியாதபோது வேறொன்று நடக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட கணக்கு இது: ஒருவர் தனியே கயிறு இழுக்கும் பலத்தை 100 என்று வைத்தால், இருவர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 93, மூவர் என்றால் 85, எட்டுப் பேர் என்றால் 49. அதாவது எட்டுப் பேர் சேர்ந்து நான்கு பேர் பலத்தைத்தான் தருகிறார்கள்.

இதில் ஒரு பகுதி ஒருங்கிணைப்புக் கோளாறு. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. மீதி, தளர்வு. இரண்டையும் பிரிக்க லதானேயும் அவருடைய சகாக்களும் 1979இல் ஒரு வழி கண்டார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, முடிந்தவரை உரக்கக் கத்தச் சொன்னார்கள். உண்மையில் ஒருவர் மட்டும்தான் கத்துகிறார். ஆனால் தன்னோடு மற்றவர்களும் கத்துகிறார்கள் என்று நம்புகிறார். ஒருங்கிணைப்புச் சிக்கல் அங்கே இல்லவே இல்லை. அப்படியும், ஆறு பேர் கத்துவதாக நம்பியவர் தன் முழுக் குரலில் 74 விழுக்காட்டையே தந்தார்.

யார் எவ்வளவு செய்தார் என்பது தனியே தெரியும்படி வைத்தால் இந்தத் தளர்வு பெரும்பாலும் மறைகிறது. ஆறு பேர் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினால், பகுதிக்கு ஒருவர் பெயர் இருக்கட்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்ட வேலை முடியாமல் கிடப்பதற்குக் காரணம் சோம்பேறிகள் என்று சொல்வதற்கு முன், வேலையைப் பிரித்த விதத்தைப் பாருங்கள்.

(பார்வையாளர் இருந்தால் எப்போதும் நல்லது என்றும் இல்லை. கைவந்த வேலை பிறர் பார்க்கும்போது வேகமாக நடக்கும். பழகாத, கடினமான வேலை தடுமாறும். ராபர்ட் ஸாயன்ஸ் 1965இல் தந்த விளக்கம் இது. புதிதாகக் கற்றுக்கொள்பவரைச் சுற்றி நான்கு பேர் நிற்கக் கூடாது.)

பேசப் பேச முனைக்குப் போவது

நாலு பேர் கலந்து பேசினால் முடிவு நடுநிலைக்கு வரும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஜேம்ஸ் ஸ்டோனர் 1961இல் தன் முதுகலை ஆய்வுக்காகச் சோதித்தபோது அதற்கு மாறாக வந்தது: கலந்து பேசிய குழு, உறுப்பினர்களின் தனி முடிவுகளின் சராசரியைவிடத் துணிச்சலான முடிவை எடுத்தது. பிற்பாடு செய்த ஆய்வுகள் இதைத் திருத்தின. குழு எப்போதும் துணிச்சலின் பக்கம் போவதில்லை; முதலில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே இன்னும் தள்ளிப் போகிறது. எச்சரிக்கையானவர்கள் கூடினால் முடிவு இன்னும் எச்சரிக்கையாகும்.

பத்துப் பேரில் ஏழு பேர் ஒரு பக்கம் என்றால், பேச்சில் வரும் வாதங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தவை. ஒருவர் இரண்டு காரணங்களோடு வந்திருப்பார். போகும்போது ஆறு காரணங்கள் கையில் இருக்கும். கூடவே, குழு எதை மதிக்கிறதோ அதில் தான் மற்றவர்களுக்குக் குறைந்தவராகத் தெரியக் கூடாது என்ற எண்ணமும் ஒவ்வொருவரையும் ஒரு படி முன்னே தள்ளும்.

ஒருவருக்கு மட்டும் தெரிந்தது

என் கருத்தில், குழுவாக முடிவெடுப்பவர்கள் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான்; ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். கெரால்ட் ஸ்டேஸர், வில்லியம் டைட்டஸ் ஆகியோர் 1985இல் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். ஒரு சின்னக் கணக்காகப் பார்ப்போம்.

வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க நான்கு பேர் கொண்ட குழு. ‘அ’, ‘ஆ’ என்று இரு விண்ணப்பதாரர்கள். ‘ஆ’விடம் மூன்று நல்ல தகுதிகள், மூன்றும் நால்வருக்கும் தெரியும். ‘அ’விடம் ஐந்து. அதில் ஒன்று நால்வருக்கும் தெரியும். மற்ற நான்கும் ஆளுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொருவர் கையிலும் இருப்பது: ‘அ’வுக்கு இரண்டு, ‘ஆ’வுக்கு மூன்று. ஆகவே நால்வருமே ‘ஆ’தான் மேல் என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் வருகிறார்கள். நால்வர் கையில் இருப்பதையும் மேசைமேல் கொட்டினால் ‘அ’ ஐந்து, ‘ஆ’ மூன்று.

பேசினால் இது வெளியே வந்துவிடாதா? பெரும்பாலும் வருவதில்லை. தனக்குத் தெரிந்த ஒரு தகவலை ஒருவர் கூட்டத்தில் சொல்லும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் வெளியே வரும் வாய்ப்பு அந்த 40தான். நால்வருக்கும் தெரிந்த தகவலுக்கோ நான்கு வாய்கள் இருக்கின்றன. நால்வரும் சொல்லாமல் விட்டால்தான் அது வராது. அதற்கான வாய்ப்பு 0.6ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும் 0.13. ஆக, அது வெளியே வரும் வாய்ப்பு 87 விழுக்காடு. யாரும் எதையும் மறைக்கவில்லை, வெறும் எண்ணிக்கையே இப்படி ஆக்கிவிடுகிறது. அதற்கு மேல், எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னால் நான்கு தலைகள் ஆடும். புதிதாக ஒன்றைச் சொன்னால் ‘அப்படியா?’ என்று ஒரு மௌனம் வரும். சொன்னவர் அதை இரண்டாம் முறை எடுப்பதில்லை. எல்லோரும் ஒரே பக்கம் இருப்பது தெரிந்ததும் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். சுமுகமாக, இருபது நிமிடத்தில், தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு.

இது உயிரையும் வாங்கும். 1986 ஜனவரி 27 மாலை, மறுநாள் ஏவப்பட இருந்த சேலஞ்சர் விண்வெளி ஓடத்தைப் பற்றித் தொலைபேசியில் ஒரு கூட்டம். உந்து ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், வெப்பநிலை 53 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் ஏவக் கூடாது என்றார்கள். குளிரில் இணைப்பு வளையங்கள் இறுகிவிடும் என்பது அவர்கள் கவலை. எதிர்முனையில் இருந்த நாசா அதிகாரிகளுக்கு அதிருப்தி. நிறுவனத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடைவேளை கேட்டார்கள். அந்த இடைவேளையில் முடிவெடுத்தது நான்கு நிர்வாகிகள். பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. அந்த நான்கு நிர்வாகிகளில் ஒருவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. இணைப்பு திரும்பியதும் ‘ஏவலாம்’ என்ற பதில் போனது. எதிர்முனைக்குத் தெரிந்தது அந்தப் பதில் மட்டும். அறைக்குள் எதிர்ப்பு இன்னும் இருந்தது தெரியவில்லை. மறுநாள், ஏவிய 73ஆம் நொடியில் ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

எப்படி நடத்துவது

குழு என்றாலே கெடுதல் என்று நினைத்துவிடக் கூடாது. 1907இல் பிரான்சிஸ் கால்ட்டன், ஒரு கண்காட்சியில் ஒரு மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தபின் தேறும் எடையைக் கணித்து மக்கள் எழுதிப்போட்ட 787 சீட்டுகளை ஆராய்ந்தார். அவற்றின் நடுமதிப்பு 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. தனித்தனியே எழுதிய சீட்டுகள் என்பதுதான் இதன் உயிர்நாடி. ஒருவர் கூடச் சொன்னால் இன்னொருவர் குறையச் சொல்லி, தவறுகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன. 2011இல் சூரிச்சில் 144 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், மற்றவர்களின் கணிப்பைப் பார்த்த பிறகு பதில்கள் ஒன்றை ஒன்று நெருங்கின, துல்லியம் கூடவில்லை, தாங்கள் சொல்வது சரி என்ற நம்பிக்கை மட்டும் கூடியது.

ஆறு பேர், ஒரு மணி நேரம், ஒரு முடிவு என்று வைத்துக்கொள்வோம். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி முதல் நாளே அனுப்புங்கள். பரிந்துரையைச் சேர்த்து அனுப்பாதீர்கள், அதுவே முதல் குரல் ஆகிவிடும். கூட்டம் தொடங்கியதும் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று எழுத வேண்டும்: தன் முடிவு, அதில் தனக்கு எத்தனை விழுக்காடு நம்பிக்கை, மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய ஒரு தகவல். தாள்களை வாங்கிக் கலைத்து, பெயர் சொல்லாமல் உரக்கப் படியுங்கள். ஒருவர் 90 என்றும் இன்னொருவர் 30 என்றும் எழுதியிருந்தால், பேச வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

அடுத்த இருபது நிமிடம் அந்த மூன்றாவது வரிக்கு. முடிவைப் பற்றிய வாதம் இப்போது கூடாது. ‘இதைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?’ என்று ஆள் ஆளாகக் கேளுங்கள், வந்ததைப் பலகையில் எழுதுங்கள். இளையவர் முதலில், தலைவர் கடைசியில். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்ற எல்லாம் வீண். ‘இது என் கருத்து மட்டும்தான், நீங்கள் தாராளமாகச் சொல்லுங்கள்’ என்று சேர்த்துக்கொண்டாலும் வீண்தான். 1961இல் கியூபாவின் பிக்ஸ் விரிகுடாப் படையெடுப்பில் தோல்வி கண்ட அமெரிக்க அதிபர் கென்னடி, அடுத்த ஆண்டு கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது ஆலோசனைக் குழுவின் சில கூட்டங்களுக்குப் போகாமலே இருந்தார்.

பிறகு வாதம். முடிவு உருவாகி வரும்போது பத்து நிமிடம் ஒதுக்கி, கேரி க்ளைன் என்ற உளவியலாளர் பரப்பிய ஒரு முறையைச் செய்யுங்கள்: ‘ஓராண்டு கழிந்துவிட்டது, இந்த முடிவு படுதோல்வி. ஏன் தோற்றது?’ என்று ஒவ்வொருவரும் காரணம் எழுத வேண்டும். ‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா?’ என்ற கேள்வியைவிட இது பல மடங்கு மேல். அந்தக் கேள்விக்கு ஒருவர் எழுந்து நின்று எல்லோரையும் எதிர்க்க வேண்டியிருக்கிறது. இதில் குறை சொல்வதுதான் எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட வேலை. கடைசியில் மறுபடியும் தாளில் வாக்கு. கைதூக்கச் சொன்னால் ஆஷின் அறைக்கே திரும்பிப் போய்விடுவோம்.

இந்த முறை பெரும்பாலும் கெட்டுப்போவது அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான். ‘நேரமில்லை, நேராகப் பேச்சுக்கு வருவோம்’ என்று அதை வெட்டிவிடுவார்கள். நேரம் போதாவிட்டால் வாதத்தில் பத்து நிமிடம் குறையுங்கள், எழுதும் ஐந்தைத் தொடாதீர்கள்.

கூட்டத்தை நடத்தும் அதிகாரம் உங்களிடம் இல்லை, மாற்றுக் கருத்து உள்ளவரும் நீங்கள் ஒருவர்தான் என்றால்? செர்ஜ் மோஸ்கோவிச்சி குழுவினர் 1969இல் செய்த சோதனையில், ஆறு பேரில் இருவர் நீல நிறப் படங்களைப் பச்சை என்று விடாமல் சொன்னபோது மற்றவர்களின் பதில்களில் சுமார் 8 விழுக்காடு பச்சைக்கு மாறியது. அந்த இருவரே சொல்லை மாற்றி மாற்றிச் சொன்னபோது 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. சிறுபான்மையின் பலம், ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொல்வதில் இருக்கிறது. ஆகவே ஐந்து ஆட்சேபங்களை அடுக்காமல், பலமான ஒன்றை, சரிபார்க்கக்கூடிய ஒரு தகவலோடு, கூட்டம் ஒரு பக்கம் சாய்வதற்கு முன்பே சொல்லுங்கள். முடிந்தால் கூட்டத்துக்கு முன்பு ஒரே ஒருவரிடம் பேசி, அவருக்கும் அதே சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆஷின் சோதனையில் தலையாட்டலை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தது அப்படி ஒரே ஒரு துணைதான்.